வீட்டுத் தோட்டம்: முன்யோசனையும் அவசர நடவும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஆடி மாதத்தில் நல்ல மழை ஒன்று விழுந்துவிட்டால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் பலர் சந்தையில் கண்ட கன்றுகளையெல்லாம் வாங்கி வந்து, கொல்லையில் தோன்றிய இடத்தில் ஊன்றிவிடுகின்றனர். உற்சாகம் மெச்சத்தக்கதே. இடத்தை அளந்து பார்த்தவர் மட்டும் வெகு சிலர்.

முற்காலத்துக் கொல்லை விசாலமானது. பிழை செய்தாலும் தாங்கிற்று. 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் வயல்கள் பல மனைகளாயின. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. வீடு, கிணறு, நடைபாதை போக எஞ்சுவது இரண்டொரு சென்டுதான். தென்னைக்கோ மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி வேண்டும். அதாவது ஒரு மரத்துக்கு 625 சதுர அடி, ஏறக்குறைய ஒன்றரைச் சென்டு. முழங்கால் உயரக் கன்றை நடும்போது இக்கணக்கு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சில வருஷங்கள் சென்று, கத்தரியும் வெண்டையும் நிழலில் வெளிறிக் காய்ப்பு நின்றபின் புலப்படுகிறது. வளர்த்த தென்னையை வெட்ட அப்போது யாருக்கு மனம் வரும்?

ஆதலின் முதலில் தீர்மானிக்கத்தக்கது மரத்தின் இடமே. ஆவணி முதல் பங்குனி வரையில் இவ்வூர்களில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். முருங்கையும் வாழையும் வடபுறத்தில் நின்றால் காய்கறிப் பாத்திக்கு வெயில் தடைப்படாது. முருங்கை காற்றில் எளிதில் முறியும் மரம். கூரைக்கும் மின்கம்பிக்கும் அருகே அதை வைப்பது அபாயம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் வேரோடு சாய்ந்த மரங்களை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது தண்ணீர். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றுகிறது; ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையே குளமாகிறது. பப்பாளியின் வேரில் நீர் தேங்கினால் மரம் அழுகிவிடும். அதற்கு மேட்டு நிலம் வேண்டும். குளிக்கும் நீர் ஓடும் வழியில் வாழையை வைத்தால் கோடையிலும் பிழைக்கும்.

கீரையையும் ஒரே நாளில் விதைத்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. விளைவு, ஒரு வாரம் தின்று தீராது. பின்னர் ஒரு மாதம் கடையில் வாங்க வேண்டும். தண்டுக்கீரை சுமார் 30 நாளில் பறிப்புக்கு வரும். மூன்று சிறு பாத்திகளைப் பத்து நாள் இடைவிட்டு விதைத்தால் அடுப்பங்கரைக்குக் கீரை அறாது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் வியாதி மற்றொன்றையும் பற்றும். ஆகையால் அவை நின்ற பாத்தியில் அடுத்த தடவை அவரையோ காராமணியோ போடுவது நலம்.

குப்பைமேட்டில் தானே முளைத்த பூசணியைப் பிடுங்க வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. அது இடம் பிடித்தாலும் சில மாதமே. தென்னையோ தலைமுறைக்கு நிற்பது.

விதை விஷயத்தில் சங்கம் உதவ முடியும். ஒரு கிராம் கத்தரி விதையில் சுமார் 200 விதைகள் உண்டு. ஒரு குடும்பத்துக்குப் பத்துச் செடி போதும். மீதியைத் தனித்தனியே வீணாக்குவானேன்? நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் தோன்றியது ஆவடிக்குச் சமீபமான திரூரில்தான். அங்கத்தினர் இருபது பேர் சேர்ந்து ஒரே நாற்றங்காலில் விதைத்து, நாற்று 30 நாளானதும் பங்கிட்டுக் கொள்ளலாம். இவ்வருஷ நாற்றங்காலை யார் கொல்லையில் போடுவதென்று அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்வது உசிதம்.