பாசக் கயிறும் கடற்பயணமும்

(மாரெட்பள்ளியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்து வந்திருக்கிறோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரெயில்வே அலுவலகக் கோப்புகளுக்கிடையே காலந்தள்ளும் எம்மை இவ்வாண்டு செயலாளர் அழைத்திருக்கிறார். இது அவருடைய பெருந்தன்மையா, வரவேண்டிய பேச்சாளருக்கு முன்பதிவு கிடைக்காமற் போனதன் விளைவா என்பது எமக்குத் தெரியாது. (சிரிப்பு.) எவ்வாறாயினும் கொடுத்த நேரத்திற்குள் முடித்து விடுகிறோம்.

பாசம் என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். தாய் மகவின்பால் கொள்ளும் அன்பும் பாசம். காலன் கையில் இருக்கும் கயிறும் பாசம். இரண்டிற்கும் ஒரே சொல் வாய்த்தது ஏனோ, யாம் அறியோம். ஆனால், அன்பாகத் தொடங்கிய கட்டு எவ்விடத்தில் கயிறாக மாறுகிறது என்னும் வினா சில மாதங்களாக எம்மை உறங்கவிடாமற் செய்து வருகிறது. அதைக் குறித்தே இன்று பேச விழைகிறோம். "பிள்ளைகள் பெற்றோர் சொல் கேளாமற் போவதற்கு வழி காட்டுகிறீரா?" என்று முன் வரிசைப் பெரியவர்கள் நினைப்பது எமக்குப் புலனாகிறது. சற்றே பொறுத்தருள்க.

இக்குடியிருப்பில் உள்ள நம்மிற் பலருடைய பாட்டனார்கள் தண்டுப் பகுதி வேலைக்கும், ரெயில்வே வேலைக்கும் தஞ்சையையும் ஆர்க்காட்டையும் விட்டு இங்கு வந்தவர்கள். எம் தந்தையார் லாலாகுடாப் பணிமனையில் உழைத்தவர். ஊரை விட்டு வந்தோமே தவிர, ஊர்க் கட்டை விட்டு வந்தோமா? இல்லை. பாத்திர மூட்டையோடு சேர்த்துக் கட்டி எடுத்து வந்தோம். ஊரிலாவது கட்டுகள் காலத்தால் சற்றுத் தளர்ந்தன. நாமோ வந்த நாளில் இருந்தபடியே அவற்றைப் பூட்டி வைத்துக் காத்து வருகிறோம். ஊரில் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குச் சென்று திரும்பியவர்கள் இதனை ஒப்புக்கொள்வர்.

இவ்வூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சரோஜினி தேவியார் ஐதராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். யாம் பதினாறு வயதில் முட்டி மோதித் தேறிய மெட்ரிகுலேஷன் தேர்வில் பன்னிரண்டாம் வயதிலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தில், தேறியவர். அவர் கோவிந்தராஜுலு நாயுடு என்னும் மருத்துவரை மணக்க விரும்பினார். தந்தையார் அகோரநாதர் பெரிய சீர்திருத்தவாதி, கல்விமான்; எனினும் மகள் விருப்பம் என்று வந்தபோது வயதும் குலமும் குறுக்கே நின்றன. 1895-ல் நிஜாம் அளித்த உபகாரச் சம்பளத்தில் பெண் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1898-ல் திரும்பி வந்தார், மறக்கவில்லை. அவ்வாண்டே சென்னையில் வீரேசலிங்கம் பந்துலு முன்னின்று நடத்த, அம்மருத்துவரையே மணந்தார். அவர்கள் வாழ்ந்த இல்லம் அபிட்ஸ் பகுதியில் இன்றும் இருக்கிறது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. பேருந்தில் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சீர்திருத்தம் பேசும் தந்தைக்கும் தன் வீட்டு வாயிலில் கால் தடுக்கும் என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

யாம் குமாஸ்தா, ஆகவே மற்றொரு குமாஸ்தாவின் கதைக்கு வருவோம். 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரியில் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்வில் தேறாதவர். பெயர் சீனிவாச இராமாநுஜன். கணித மேதை என்று உலகம் அறியும். 1729 என்னும் எண்ணின் கதையை யாம் சொல்லப் போவதில்லை. அது இங்குள்ள ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். அவர் வீட்டுக் கதைதான் நமக்கு வேண்டியது.

தந்தையார் துணிக்கடைக் கணக்கர், அதிர்ந்து பேசாதவர். வீட்டை ஆண்டவர் தாயார் கோமளத்தம்மாள். மகன் தேர்வில் தோற்று, வேலையும் இன்றி, சிலேட்டும் கையுமாகத் திண்ணையில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் அவ்வீடு அவருக்குச் சோறு போட்டது. இதனை மறத்தலாகாது. 1909-ல் தாயாரே பெண் பார்த்து, இராஜேந்திரம் என்னும் சிற்றூரில் திருமணம் நடத்தி வைத்தார். மணப்பெண் ஜானகிக்கு வயது பத்து. தந்தையார் அத்திருமணத்திற்குச் செல்லவே இல்லை. யார் சொல் அவ்வீட்டில் நடந்தது என்பதை இதனின்றும் ஊகித்துக்கொள்க.

1913 சனவரியில் இராமாநுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். துறைமுகக் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா என்றே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்த மாதமே விடை வந்தது. வரச் சொன்னார்கள், இவர் மறுத்தார். கடல் கடந்தால் சாதியை விட்டு விலக்குவர், தாயார் சம்மதியார். அவ்வளவுதான். உலகமே அழைத்தாலும் சன்னதித் தெரு விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் தர, அவர் சென்னையிலேயே தங்கினார்.

1914 சனவரியில் நெவில் என்னும் கணிதப் பேராசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்தார். இம்முறை அழைப்பை இராமாநுஜன் ஏற்றார். இடையில் நிகழ்ந்தது பற்றி வரலாற்று நூல்கள் சொல்லுவது இது: குல தெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயாரின் சந்நிதியில் இராமாநுஜன் மூன்று இரவுகள் தங்கினார். மகன் வெள்ளையர் நடுவே அமர்ந்திருப்பதாகவும், அவன் வழியில் குறுக்கே நிற்க வேண்டாவென்று தேவி ஆணையிட்டதாகவும் கோமளத்தம்மாள் கனவு கண்டார்.

கனவைக் கேட்டு நகைப்பவர் நகைக்கட்டும். யாம் நகைக்க மாட்டோம். சொன்ன சொல்லைத் தாமே மீட்டுக்கொள்வது பெற்றோர்க்கு எவ்வளவு கடினம் என்பதை இப்பொழுது அறிந்திருக்கிறோம். தெருவும் உறவும் பார்த்திருக்கப் பின்வாங்குவதற்கு ஒரு கதவு வேண்டும். அவ்வம்மையார்க்குக் கனவு கதவாயிற்று.

தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்திற்கு அனுப்பி வைத்த பிறகே இராமாநுஜன் குடுமியை எடுத்தார். அக்கோலத்தைத் தாய் காண வேண்டாவென்று நினைத்தார் போலும். மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம். அதில் 50 பவுன் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. கணக்கு எழுதும் எமக்கு இத்தொகை கண்ணில் நிற்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீட்டுக்கு! கட்டை அறுத்துக்கொண்டு ஓடியவர் செய்யும் கணக்கன்று இது. இவ்வவையில் ஊருக்குப் பணம் அனுப்பாதவர் கை உயர்த்துக என்றால் எத்தனை கைகள் உயரும்?

ஆனால் கதையில் இன்னொருவர் இருக்கிறார். பதினைந்து வயது நிரம்பாத ஜானகி. அவரைக் கேட்டு முடிவு செய்தவர் யார்? கணவர் இங்கிலாந்திலிருந்து எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு எட்டவில்லை. அவர் எழுதியவை கணவருக்குப் போய்ச் சேரவில்லை. மாமியார் இடையில் நின்று தடுத்தார். மனைவி மௌனமாய் இருக்கிறாள் என்று அவர் அங்கே வருந்தினார். கணவர் மறந்துவிட்டார் என்று இவர் இங்கே வருந்தினார். கடல் தாண்ட விடை கொடுத்த அதே தாயார், கடிதம் தாண்ட விடை கொடுக்கவில்லை.

இவ்விடத்தில் கோமளத்தம்மாளைக் குறை கூற நா எழும். எமக்கு எழவில்லை. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

எம் தந்தையார் பணியிலிருக்கையிலேயே காலமானார். அப்பொழுது எமக்கு வயது பதினெட்டு. கல்லூரி விண்ணப்பத்தாள் நிரப்பப்பட்டு அலமாரியில் இருந்தது. இரண்டு தமக்கையர் மணமாகாமல் இருந்தனர். கருணை அடிப்படையில் வேலை வந்தது, சேர்ந்தோம். தமக்கையர் இருவர்க்கும் மணம் முடித்தோம். அதுபற்றி எமக்கு வருத்தம் இல்லை என்று இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அடிக்கடி சொல்ல நேர்வதே வருத்தத்திற்கு அடையாளமோ, என்னவோ.

எம் மகள் கணிதத்தில் பட்டம் பெற்றாள். மேற்படிப்புக்குக் கொல்கத்தாவில் இடம் கிடைத்தது. பொன்மலையில் இருக்கும் பெரிய தமக்கையார் தம் மகனுக்கு அவளை எப்பொழுதோ உரிமை கொண்டாடியிருந்தார்; எம் தாயாருக்கும் அதுவே விருப்பம். வங்கிக் கடன் விண்ணப்பத்தில் தந்தையின் கையெழுத்து வேண்டும். அலுவலக ஊதியச் சான்றும் இணைக்க வேண்டும். சான்று இரண்டாம் நாளே எம் கைக்கு வந்தது. யாம் அதனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். "சான்று வந்ததா, அப்பா?" என்று மகள் மாலைதோறும் கேட்டாள். "அதிகாரி விடுப்பில் இருக்கிறார், அம்மா" என்றோம். ஒரு நாளன்று, இரு நாளன்று, ஒன்பது நாள். கோப்பை நிலுவையில் வைப்பது குமாஸ்தாவுக்குக் கைவந்த கலை. கேட்பவர் களைத்துத் தாமே விட்டுவிடுவர் என்பது எம் தொழிலில் கண்ட அனுபவம்.

பத்தாம் நாள் அவள் கேட்கவில்லை. பேசாமல் காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த மௌனம் எம்மைச் சுட்டது. எம்மைக் கட்டிய கயிறு எது என்று இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேடிய யாம், அதன் மறுமுனை எம் கையிலேயே இருக்கக் கண்டோம். மறுநாள் இழுப்பறையைத் திறந்தோம், கையெழுத்திட்டோம். சான்று எந்நாளில் வந்தது என்ற உண்மையையும் அவளிடம் சொன்னோம். அவள் அழுதாள், நெடுநேரம் எம்மோடு பேசவில்லை. அது நியாயமே.

விட்ட கதைக்கு வருவோம். 1919 மார்ச்சில் இராமாநுஜன் பம்பாயில் வந்திறங்கினார். இராயல் கழக உறுப்பினர், டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினர். உடலோ நோயால் உருக்குலைந்திருந்தது. எதிர்கொள்ள வந்த தாயாரிடம் அவர் கேட்டது, ஜானகி எங்கே என்பதைத்தான். பிறகு மனைவி வந்து சேர்ந்தார். இறுதிவரை அருகிருந்து பணிவிடை செய்தார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் மறைந்தார். கடல் கடந்தவர், பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் என்று உறவினர் பலர் ஈமச்சடங்கிற்கு வரவில்லை. முப்பத்திரண்டு வயதில் உலகப் புகழோடு இறந்தவருக்கு உற்றார் செய்த மரியாதை அது.

அப்பொழுது ஜானகியம்மாளுக்கு வயது இருபத்தொன்று. மகப்பேறு இல்லை. அந்நாளில் அத்தகைய பெண்ணுக்குக் குடும்பம் ஒதுக்கிய இடம் அடுக்களை மூலை என்பதை நாம் அறிவோம். அவர் அம்மூலைக்குப் போகவில்லை. பம்பாயில் சகோதரர் வீட்டில் தங்கித் தையற்கலையும் ஆங்கிலமும் பயின்றார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியே குடியிருந்து, தையல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்தார். பெண்களுக்குத் தையலும் கற்பித்தார். 1950-ல் தோழி ஒருவர் இறந்தபோது அவருடைய ஏழு வயது மகனைத் தம் மகனாக ஏற்று வளர்த்துப் படிக்க வைத்தார். கணவருக்குச் சிலை இல்லையே என்ற அவருடைய குறை அயல்நாட்டுக் கணித அறிஞர்கள் காதுக்கு எட்டியது. அமெரிக்கப் பேராசிரியர் ஆஸ்கி முயன்று கிரான்லண்ட் என்னும் சிற்பியைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்வித்தார். 1994-ல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் அம்மையார் காலமானார். கணவரோடு வாழ்ந்த காலம் மிகச் சில ஆண்டுகள். அவருக்குப் பின் வாழ்ந்தது எழுபத்து நான்கு ஆண்டுகள். கணித மேதையைப் பற்றி எத்தனையோ விழாக்களில் பேசுகிறார்கள். அந்தத் தையல் இயந்திரத்தைப் பற்றியும் யாராவது பேசவேண்டும் என்பது எம் ஆசை.

குடும்பத்தை உதறிவிட்டு வாழலாம் என்று யாம் கூற வரவில்லை. ஜானகியம்மாளுக்கும் ஒரு சகோதரர் வீடு திறந்திருந்தது. அது திறந்திராவிட்டால் தையல் எங்கே, ஆங்கிலம் எங்கே? அதே உறவு கதவைச் சாத்தவும் வல்லது, திறக்கவும் வல்லது. நம் குடியிருப்பில் இப்பொழுது எத்தனை இழுப்பறைகளில் எத்தனை தாள்கள் பூட்டிக் கிடக்கின்றனவோ, அவரவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்க.

பொன்மலைத் தமக்கையார் எம்மோடு இன்னும் பேசவில்லை. இரண்டு கடிதம் எழுதினோம், விடையில்லை. அவருக்காக யாம் விட்டதை அவரும் அறிவார். எம்மால் அவர் இழந்ததாக நினைப்பதை யாமும் அறிவோம். அது ஆறும் காலத்தில் ஆறட்டும்.

எம் தாயார், "ஆடி மாதத்தில் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவார்களா?" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். கல்லூரி ஆடியில்தான் திறக்கிறது. யாம் என் செய்வோம்? முந்தாநாள் இரவு திடீரென்று, "அந்த ஊரில் அரிசிச் சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். வங்காளத்தில் சோறுதான் பெரிது என்று சொன்னோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று மாலை யாம் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது துவரம்பருப்பு வறுக்கும் மணம் தெருமுனை வரை வந்தது. பேத்திக்குப் பருப்புப்பொடி தயாராகிக் கொண்டிருந்தது.

செயலாளர் மணியை இரண்டாம் முறை அடித்துவிட்டார். குழந்தைகளின் கோலாட்டம் காத்திருக்கிறது.