சமஸ்தானம் சேர்ந்தது, சேரி சேரலை



இந்திய தேசம் எப்படி உண்டாச்சு? 1947இல் வெள்ளைக்காரன் போனபோது இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். பட்டேலும் வி.பி.மேனனும் ராஜாக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். 1948 மார்ச்சில் நம்ம புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. செப்டம்பரில் ஐதராபாத்துக்குள் பட்டாளம் போச்சு.

ராஜாக்கள் சும்மா சேரவில்லை. மைசூர் மகாராஜாவுக்கு ஆண்டுக்கு 26 லட்சம், திருவிதாங்கூருக்கு 18 லட்சம், வரியில்லாத மன்னர் மானியம். அரசியல் சட்டத்தின் 291ஆம் பிரிவு அதற்கு உத்தரவாதம். 1971 வரைக்கும் கொடுத்தார்கள்.

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மீறினவனைத் தண்டிக்க நாடு முழுமைக்குமான சட்டம் வர 1955 ஆச்சு. ராஜாவுக்குக் கொடுத்த வாக்குக்குக் கஜானா இருந்தது. அவர் நிலத்தில் உழைத்தவனிடம் யார் ஒப்பந்தம் போட்டார்கள்?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கேட்டார்: ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று. சாதியே தேச விரோதம் என்றார்.

சமஸ்தான எல்லையெல்லாம் வரைபடத்திலிருந்து போயாச்சு. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற எல்லை அப்படியே கிடக்கு. அதை அழிக்கப் போராடுகிற நம்மைப் பிரிவினைவாதி என்கிறவனிடம், தேசத்தைப் பிரிச்சு வைத்திருப்பது யார் என்று கேளுங்கள்.