எள்ளளவு வண்டைப் படம் பிடிப்போம்



செம்பனைத் தோட்டத்தில் வாழும் நமக்குக் குலையைத் தெரியும். குலையை அறுக்கும் அரிவாளைத் தெரியும். மட்டையின் முள்ளை மிக நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் குலை காய்ப்பதற்குக் காரணமான வண்டை நம்மில் எத்தனை பேர் முகத்துக்கு நேராகப் பார்த்திருக்கிறோம்? அதன் நீளம் 3 அல்லது 4 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் எள்ளின் அளவு. அதைக் கைத்தொலைபேசியால் படம் பிடிப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. சிறு பொருளை நெருங்கிச் சென்று பெரிதாகப் பிடிப்பதை 'மெக்ரோ' என்பார்கள். நாம் அண்மைப் படம் என்று சொல்வோம்.

முதலில் வண்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவோம். 1981ஆம் ஆண்டுக்கு முன்னர் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் ஆட்கள்தாம் மகரந்தம் தூவினார்கள். ஆண்பூவின் மகரந்தத்தை உதிர்த்து, டால்கம் தூளோடு கலந்து, பெண்பூ மலர்ந்த மரத்தைத் தேடித் தேடி ஊதவேண்டும். அந்த வேலையைச் செய்த பாட்டிமார் சில வீடுகளில் இன்றும் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். டாக்டர் ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, அங்கே இந்த வேலையை ஒரு வண்டே செய்கிறது என்று காட்டினார். 1981இல் அந்த வண்டு மலேசியாவில் விடப்பட்டது. அதன்பின் கையால் தூவும் வேலை விரைவிலேயே மறைந்துபோயிற்று. தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பங்கு இந்த எள்ளளவு உயிருக்கும் உண்டல்லவா?

வண்டை எங்கே தேடுவது? ஆண்பூ மலர்ந்தால் சோம்பு வாசனை வீசும், மூக்கே வழிகாட்டும். நட்டு மூன்று, நான்கு ஆண்டான இளமரத்தில் பூ கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். மருந்தடித்த பகுதிக்குள் போகவேண்டாம்; எந்தப் பகுதியில் அடித்திருக்கிறார்கள் என்று மண்டோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலியைத் தேடி நாகம் வரும் இடம் அது. ஆகவே முழங்கால் காலணி அணிந்து, மரத்தடியையும் மட்டைக் குவியலையும் கோலால் தட்டிப் பார்த்த பிறகே குனியவேண்டும். பிள்ளைகள் பெரியவர் துணையின்றிப் போகக்கூடாது. படத்தின் மேல் கண் வைத்தவனுக்குக் காலடி தெரியாது!

விலையுயர்ந்த கேமரா வாங்க வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம். பெரும்பாலான கைத்தொலைபேசிகள் மிக நெருங்கினால் படம் மங்கிவிடும். அதன் கண்ணாடிமேல் கவ்விக்கொள்ளும் சிறு லென்ஸ் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால், பள்ளிப்பிள்ளைகளின் உருப்பெருக்கிக் கண்ணாடியை முன்னால் பிடித்தாலே போதும். ஓரங்கள் சற்று வளைந்து தெரியும், அவ்வளவுதான். சில புதிய தொலைபேசிகளில் பூப்போன்ற குறியிட்ட அண்மைப்பட வசதியே இருக்கிறது. திரையில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது அண்மைப் படம் ஆகாது. அது மங்கலைத்தான் பெரிதாக்கும்.

இனிதான் கடினமான பகுதி. இவ்வளவு அருகில் போகும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வண்டின் முதுகு தெளிந்தால் மூக்கு மங்கும். எனவே எதைத் தெளிவாகக் காட்டுவது என்று முன்பே தீர்மானிக்கவேண்டும். கண்ணைத் தெளிவாக்குங்கள் என்போம். கண் தெளிந்திருந்தால் மற்றது மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். திரையில் வண்டின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திவைத்தால் பல தொலைபேசிகளில் குவியம் பூட்டிக்கொள்ளும். பிறகு திரையைத் தொடவேண்டாம். முழங்கையை முழங்காலில் ஊன்றி, மூச்சை அடக்கி, உடம்பையே முன்னும் பின்னும் அரிசி அளவு அசைத்து, கண் தெளியும் கணத்தில் எடுங்கள். இருபது எடுத்தால் ஒன்று தேறும். ஒரு சுருளில் 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலம் போய்விட்டது. தேறாதவற்றைத் தயங்காமல் அழிக்கலாம்.

காற்று அடித்தால் எதுவும் நடக்காது. காலை வெயில் ஏறுமுன் காற்று அடங்கியிருக்கும். ஒளியும் மென்மையாக இருக்கும். தொலைபேசியின் நிழலே வண்டின்மேல் விழுந்தால், எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள், நிழல் வெளிறும். தம்பி தங்கைகளுக்கு ஏற்ற வேலை அது.

கை பழகும் வரை வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். செம்பருத்தியின் மகரந்தக் கம்பி, கீரையிலையின் பனித்துளி, நத்தை ஆகியவை ஓடிப்போகா. கெரெங்கா எறும்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது நிற்கவும் நிற்காது, கடிக்காமலும் விடாது. இலையில் முள்முள்ளாகப் பச்சைப்புழு இருந்தால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொட்டால் தீச்சுட்டதுபோல் எரியும். காய்ந்த இலைத்துணுக்குகளால் பை கட்டித் தொங்கும் புழுவைக் கண்டால், படத்தோடு மரம் நிற்கும் வரிசையையும் குறித்து மண்டோரிடம் காட்டுங்கள். பைப்புழு பெருகினால் இலை கருகும். இலை கருகினால் குலை குறையும்.

ஆண்பூவில் வண்டு ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் மொய்க்கும். ஒன்று ஓடினால் இன்னொன்று கிடைக்கும். பூ வாடியபின் ஒரு வாரம் கழித்து அதே மரத்துக்குப் போய், பழுப்பேறிய கதிர் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிறு புழுக்கள் நெளியும். அவை அந்த வண்டின் குஞ்சுகள்; அவை தாமாக ஓடமாட்டா, நிதானமாகப் படம் எடுக்கலாம்.