கேடயத்துக்கு 4.0 போதுமா?



பாஸ்டன் வட்டாரத்தில் வாழும் நமக்கு ஹார்வர்டு கூப்பிடு தூரம். அங்கே இளநிலைக் கல்விக்கான டீன் அமாண்டா கிளேபா 2025 அக்டோபரில் ஓர் அறிக்கை கொடுத்தார். அந்தக் கல்லூரியில் அப்போது வழங்கப்பட்ட கிரேடுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏ. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அது கால் பங்குதான். யேலில் 2022-23இல் ஏ, ஏ மைனஸ் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 79 விழுக்காடு.

கெட்டிக்காரப் பிள்ளைகள் சேருகிற இடம், எல்லாரும் ஏ வாங்கினால் என்ன தப்பு என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு சேர்ந்தவர்களும் கெட்டிக்காரர்கள்தான். எனக்கு உறுத்துவது வேறு. எங்கே சரியாகச் செய்தோம், எங்கே கோட்டைவிட்டோம் என்று பிள்ளைக்குச் சொல்லத்தான் கிரேடு இருக்கிறது. இப்போது அது எதையும் சொல்வதில்லை.

நான் இங்கே ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் வீட்டு விலை ஏறுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினாள். வரைபடங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. ஆனால் அந்த ஊர்க்காரர்களின் வருமானத்தை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. பி பிளஸ் போட்டு, ஓரத்தில் காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே என் அறைக்கு வந்துவிட்டாள். “இதை ஏ ஆக்க நான் என்ன செய்யணும்?” என்பதுதான் முதல் கேள்வி. உட்காரச் சொல்லி, அவள் லேப்டாப்பிலேயே வருமானத்தையும் சேர்த்துக் கணக்கை ஓடவிட்டோம். பள்ளியால் ஏறியதாக அவள் எழுதியிருந்த விலையில் பாதிக்கு மேல் கரைந்துபோயிற்று. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், “இதுவரைக்கும் யாரும் என் பேப்பரில் இப்படி எழுதினதில்லை” என்றாள். பள்ளிப் படிப்பு முழுவதும், கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு மேலும், நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அவள் எங்கே தவறினாள் என்று யாருமே சொல்லவில்லை. கேட்ட எனக்கு மனசு வலித்தது.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வியட்நாம் போர்க் காலத்திலேயே கிரேடுகள் ஏறத் தொடங்கிவிட்டன. மாணவனுக்குத் தேர்ச்சி கொடுக்காவிட்டால் அவனைப் படைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பேராசிரியர்கள் தயங்கினார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. போர் முடிந்தபின் கிரேடுகள் சற்று இறங்கினாலும் அந்த இறக்கம் நிலைக்கவில்லை. இன்று செமஸ்டர் முடிவில் மாணவர்களும் ஆசிரியருக்கு மதிப்பீடு போடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஆசிரியருக்கு அடுத்த ஆண்டு வேலையே அதைப் பொறுத்ததாக இருக்கலாம். நம் பக்கத்து வெல்ஸ்லி கல்லூரி, தொடக்கநிலை, இடைநிலை வகுப்புகளின் சராசரி பி பிளஸைத் தாண்டக்கூடாது என்று 2004இல் விதி வைத்தது. அதற்குக் கட்டுப்பட்ட துறைகளில் சேர வந்தவர்கள் குறைந்தார்கள், ஆசிரியர்கள் பெற்ற மதிப்பீடும் இறங்கியது. பிரின்ஸ்டனும் அதே ஆண்டு ஏ வகைக் கிரேடுகள் 35 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. மற்ற இடங்களில் தாராளமாகக் கிடைக்கிறதே, வேலைக்குப் போகும்போது நாங்கள் பின்தங்கிவிட மாட்டோமா என்று மாணவர்கள் முறையிட்டார்கள். 2014இல் அதைக் கைவிட்டார்கள். ஒரு கல்லூரி மட்டும் தனியாக நின்று இதைச் சரிசெய்துவிட முடியாது.

இதற்கிடையே மாணவர்களின் உழைப்பு என்ன ஆயிற்று? அமெரிக்காவில் முழுநேர மாணவர் ஒருவர் 1961இல் வகுப்பும் படிப்புமாக வாரம் 40 மணி நேரம் செலவிட்டார், 2003இல் அது 27 மணி நேரம் என்று பொருளியலாளர்கள் பாப்காக்கும் மார்க்ஸும் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிறார்கள். கன்சல்டிங் கிளப்பில் சேர நேர்காணல், கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் என்று உழைப்பு வேறு பக்கம் போய்விட்டது. மார்க்‌ஷீட் எல்லாம் ஒன்றுபோல இருந்தால், வேலை கொடுக்கிறவர் வேறு எதையாவது பார்த்துத்தானே தேர்ந்தெடுப்பார்? எந்த கிளப், யாருடைய சிபாரிசு, அப்பாவுக்கு யாரைத் தெரியும் என்றுதான் பார்க்கிறார். கேஸ் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிற குடும்பத்துக்கு வால் ஸ்ட்ரீட்டில் மாமா, சித்தப்பா கிடையாது. அந்தப் பிள்ளை கையில் இருந்த ஒரே சாட்சி கிரேடுதான். அது செல்லாமல் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இத்தனை ஏ வாங்குகிற பிள்ளைகள் நிம்மதியாகவாவது இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. ஒரே ஒரு ஏ மைனஸ் வந்தால் இடிந்துபோகிறார்கள். கஷ்டமான பாடம் என்றாலே எடுக்கப் பயப்படுகிறார்கள். இயற்பியலில் உண்மையான ஆர்வம் உள்ள பையன்கூட, ஜி.பி.ஏ. என்னும் கிரேடுச் சராசரி இறங்கிவிடும் என்று சுலபமான வகுப்பைத் தேடிப் போகிறான். வீட்டில் நாம் கேட்கிற முதல் கேள்வியும் “என்ன கிரேடு?” என்பதுதானே. ஆசிரியர் என்ன திருத்திக் கொடுத்தார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதலில் முறைப்பார்கள். பிறகு சொல்வார்கள்.

நம் சங்கத்தின் செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம். இந்த மேடையில் ஆண்டுதோறும் ஜி.பி.ஏ. 4.0 வாங்கிய பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கிறோம். அடுத்த ஆண்டு முதல் படிவத்தில் ஜி.பி.ஏ. கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுவோம். ஆசிரியர் குறை சொன்ன ஒரு கட்டுரையையோ, ஆய்வகக் குறிப்பையோ, கணினி நிரலையோ, அதைத் திருத்தி எழுதிய வடிவத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்வோம். பி வாங்கியவர்களும் அனுப்பலாம். நம்மிடையே ஓய்வுபெற்ற பொறியாளர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். துறைக்கு இரண்டு பேர் படித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கமாவது கருத்து எழுதிக் கொடுப்போம். புள்ளியியலும் கணக்கும் என் பொறுப்பு. மற்ற துறைகளுக்கு ஆள் வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதிவு மேசை பக்கம்தான் இருப்பேன், வந்து பெயர் கொடுங்கள்.