கலெக்டிவ் வேறு, கொலூசிவ் வேறு



வழக்குக் கடதாசிகளிலும் பத்திரிகைகளிலும் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லை இன்று பார்ப்போம். அதுதான் 'கொலூசிவ்'. தமிழில் கள்ளக்கூட்டான என்று சொல்லலாம். கூட்டு ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'கலெக்டிவ்' என்ற சொல்லோடு அது காதில் ஒட்டிக்கொள்ளும். பொருளோ நேரெதிர்.

இரண்டும் லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. கலெக்டிவ் என்பதன் வேர் ஒன்று சேர்ப்பது. கொலூசிவ் என்பதன் வேர் சேர்ந்து விளையாடுவது. கிரிக்கெட்டில் இரண்டு அணியும் முன்கூட்டியே முடிவைப் பேசிவைத்து ஆடினால், ஏமாறுவது பார்க்க வந்த சனம். அந்த ஆட்டம் கொலூசிவ்.

கொழுந்து மடுவத்துக்கு வாருங்கள். 18 கிலோவை 15 என்று எழுதினால் அது களவு. நமக்காகத் தராசைப் பார்க்க நின்றவரும் ஏதோ சலுகைக்காகக் கண்டும் காணாமல் இருந்தால் அதுதான் கள்ளக்கூட்டு. வேலியும் ஆடும் பேசிவைத்துக்கொண்டால் பயிருக்கு யார் காவல்?

ஆனால் நிர்வாகத்தோடு பேசுவதெல்லாம் கள்ளக்கூட்டு ஆகாது. பேசாமல் தொழிற்சங்கம் இல்லை. நாம் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில், சம்பளத் துண்டில் தெரியும்படி சந்தா பிடிப்பதும் அப்படி ஆகாது. எதிரெதிராக நிற்க வேண்டிய இருவர், மறைவாக, மூன்றாமவருக்குக் கேடாகச் சேர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். கோபத்தில் அதை யார் மேலும் வீசாதீர்கள். ஆதாரமில்லாமல் வீசினால் நம் ஒற்றுமைதான் உடையும். நிர்வாகத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. நாளை எந்த ஒப்பந்தம் மேசைக்கு வந்தாலும், நம் சங்கம் உட்பட எந்தச் சங்கத்திடமும் கேளுங்கள்: கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டினீர்களா? நாளுக்கு எத்தனை கிலோ? குறைந்தால் அரைப்பேரா? ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிவு?

கள்ளக்கூட்டு இருட்டில்தான் வளரும். பலர் கேட்டால், பலர் வாசித்தால் அதற்கு இடமில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுங்கள். கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள்.