சாட்சி யார் கையில்?

(மாத்தளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இதே மாத்தளையில், 2012ஆம் ஆண்டு, மருத்துவமனை வளவைத் தோண்டியபொழுது 150க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1980களின் இறுதியில் புதைக்கப்பட்டவை என்றார் அகழ்வாய்ந்த பேராசிரியர் ராஜ் சோமதேவ. 1950க்கு முந்தியவை என்றது பின்வந்த அமெரிக்க ஆய்வுக்கூட அறிக்கை. புதைத்தோர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்பட்டிலர்.

பொலிசாரின் மார்பிலே கமெரா பொருத்தினாற் கொடுமை ஒழியும் என்கின்றனர். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும், கருவியை நிறுத்தும் விரலும் படத்தைப் பூட்டும் பெட்டியும் பொலிசாரிடமே இருப்பின் பயன் யாது? மேய்ந்த பயிருக்குக் கணக்கை வேலியிடமா கேட்பது?

சித்திரவதையை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டிக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, சாட்சிக்கே பஞ்சம்!

கைதானவரை 24 மணி நேரத்துள் நீதவான்முன் நிறுத்துவது பொதுவிதி. பதிவும் அவருடனேயே மன்றுக்குச் செல்லட்டும். கமெராவை நிறுத்தியவர் அங்கே காரணங் கூறட்டும். நம் கமக்காரரின் வாக்குமூலம் அவர் பேசிய தமிழிலேயே எழுதப்படட்டும்.

அக்குழியிற் கிடந்தோர் சிங்கள இளைஞராயிருக்கலாம் என்று அவர்தம் தாய்மார் கலங்குகின்றனர். எலும்புக்கு மொழியில்லை. அத்தாய்மாரோடு சேர்ந்தே இவ்வுரிமையைக் கேட்போம்!