புலிகளோடு சில சனிக்கிழமைகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2009-இல் மெக்கானிகல் முடித்தவன். "அமெரிக்காவில் என்ன பண்றேன்னு பத்து நிமிஷம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். அலுவலகத்தில் நான் பார்ப்பது பம்பு, வால்வு சமாச்சாரம். அதைப் பேசினால் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சனிக்கிழமை வேலையைச் சொல்கிறேன். டெக்சாஸ் மாநிலத்தில் லாப நோக்கமற்ற ஒரு புலிக் காப்பகத்தில் 2017 முதல் தொண்டனாக இருக்கிறேன். இப்போது அதன் பொருளாளரும் நான்தான்.

அமெரிக்கக் காட்டில் புலி கிடையாது. ஆனால் வீட்டுக் கொல்லையிலும் சாலையோரத் தனியார் காட்சிச்சாலைகளிலும் பல ஆண்டுகள் வளர்த்தார்கள். குட்டியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கக் காசு வாங்குவது ஒரு தொழிலாக இருந்தது. குட்டிக்கு மூன்று நான்கு மாதம் ஆனால் பல்லும் நகமும் முற்றிவிடும், போட்டோவுக்கு ஆகாது. அப்புறம் இருபது வருஷம் வரை அது உயிரோடு இருக்குமே, யார் சோறு போடுவது? 2011 அக்டோபரில் ஓஹியோவில் ஒருவர் கூண்டுகளையெல்லாம் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். இருட்டுவதற்குள் வேறு வழியில்லாமல் போலீசார் சுட்டதில் 18 புலிகள் செத்தன. 2022 டிசம்பரில்தான் தனியார் பெரும்பூனைகளை வளர்ப்பதற்கும் பொதுமக்கள் தொடுவதற்கும் நாடு முழுமைக்கும் தடைச் சட்டம் வந்தது. (நம் நாட்டில் 1998-லேயே சர்க்கஸில் புலி, சிங்கத்தைத் தடை செய்து, அவற்றுக்கு அரசே மீட்பு மையங்கள் அமைத்தது. இதைச் சொன்னால் அங்குள்ளவர்கள் நம்ப மறுக்கிறார்கள்!)

வெளிநாட்டுச் சுற்றுலாவில் பிள்ளையின் மடியில் புலிக்குட்டியை வைத்துப் படம் எடுக்கிற நண்பர்கள் இங்கேயும் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குட்டி அடுத்த வருஷம் எங்கே என்று மட்டும் அங்கே கேட்டுப் பாருங்கள்.

காப்பகம் என்றதும் முதுமலையை நினைக்காதீர்கள். கையில் பால் குடித்து வளர்ந்த புலியைக் காட்டில் விட முடியாது. சாகும் வரை நாம்தான் பார்க்க வேண்டும். எங்களிடம் பதினான்கு இருக்கின்றன. ஒரு புலிக்குத் தினம் ஐந்து கிலோ, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு இருபது டன்னுக்கு மேல் இறைச்சி. வெறும் சதை போட்டால் எலும்பு வளைந்துபோகும், ஆகவே எலும்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்க்க வேண்டும். நகத்தைப் பிடுங்கி வளர்த்த புலிகளுக்கு வயதானால் மூட்டுவலி, மாத்திரையைக் கறிக்குள் ஒளித்துக் கொடுப்போம். அரசு மானியம் ஒரு டாலர் கிடையாது, எல்லாம் நன்கொடை. இனப்பெருக்கம் செய்வதில்லை, விற்பதில்லை, யாரும் தொடுவதும் இல்லை, பொருளாளரும் சேர்த்துத்தான்.

நான் அங்கே போனது வெல்டிங் செய்யத்தான். இரவுக் கூண்டுக்கும் வெளி அடைப்புக்கும் நடுவே மேலிருந்து கீழே இறங்கும் கதவு ஒன்று உண்டு. புலியை ஒரு பக்கம் அடைத்த பிறகே மனிதர் மறுபக்கம் சுத்தம் செய்யப் போகலாம். அதைக் கயிறும் கப்பியும் வைத்துக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மோட்டார், லிமிட் சுவிட்ச் எல்லாம் போட்டு அழகாகப் படம் வரைந்து கொடுத்தேன்.

அங்கே இருபது வருஷமாகப் புலி பார்க்கும் ஓர் அம்மாள், படத்தைப் பார்த்துவிட்டு, "கரண்ட் போனால்?" என்று கேட்டார்.

"தானே மூடிக்கொள்ளும்."

"புலி பாதி நுழைந்திருந்தால்?"

என்னிடம் பதில் இல்லை. வைவாவில் நம்ம மெஷின் டிசைன் சார் முன்னால் நின்ற மாதிரி நின்றேன். மோட்டாரை விட்டுவிட்டு எதிர் எடைகளைச் சரிசெய்து, கதவைப் பிடித்து நிறுத்தும் தாழ்ப்பாள் ஒன்றும், புலியைப் பார்த்துக்கொண்டே இழுக்கிற மாதிரிக் கைப்பிடியும் செய்து கொடுத்தேன். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்து பல லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் போனதே, அப்போது எங்களுக்கும் மூன்று நாள் இருட்டு. குழாய்த் தண்ணீர் கல்லாகிவிட்டது. புலிகளையெல்லாம் வைக்கோல் பரப்பிய கூண்டுக்குள் கயிறு இழுத்துத்தான் அடைத்தோம். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, கையுறையை மட்டும் என்னிடம் நீட்டினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேடையில் சொல்வதா என்று யோசித்தேன். சட்டம் வந்த மறு வருஷம், ஓர் இடம் மூடப்படுகிறது, ஐந்து புலிகளை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். அப்போது எங்களிடம் இருந்தவை பன்னிரண்டு. இன்னும் இரண்டுக்குத்தான் இடமும் பணமும் இருந்தன. நெருக்கியாவது ஐந்தையும் எடுப்போம் என்று குழுவில் பலர் சொன்னார்கள். கணக்குப் புத்தகம் என் கையில். ஐந்தை எடுத்தால் மூன்றாம் வருஷமே பழைய புலிகளின் மருத்துவச் செலவில் கை வைக்க வேண்டிவரும். "இரண்டுதான்" என்று நான் சொன்னேன். ஒரு வாக்கில் நான் சொன்னது நின்றது. மற்ற மூன்றில் இரண்டுக்கு வேறு காப்பகம் கிடைத்தது. கடைசிப் புலிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே அது இறந்துவிட்டது. சிறுநீரகக் கோளாறு, எங்கே இருந்தாலும் பிழைத்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். கணக்கு இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் புலியின் போட்டோ வந்த கடிதத்தை நான் இன்னும் கோப்பில் போடவில்லை, மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

வந்த இரண்டில் ஒன்று வெள்ளைப் புலி. 1951-இல் ரீவாவில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வம்சம்தான் இன்று கூண்டுகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. உறவுக்குள்ளேயே சேர்த்து வளர்த்த வம்சம் அது. இதற்கு மாறுகண். கறியைப் போட்டால் ஓரடி தள்ளிப் பாயும், பிறகு திரும்பித் தேடும். சனிக்கிழமை காலை நான் கயிற்றைப் பிடித்தால் மூக்கால் 'ஃப்ர்ர் ஃப்ர்ர்' என்று சத்தம் கொடுக்கும். புலி வணக்கம் சொல்வது அப்படித்தான்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.